பேஸ் கிற்றாருக்கு வயர்லெஸ் மைக் செட்: கல்லடியில் ஓர் இரவும் மறுநாள் மேசையும்

மூன்றாவது பாடலில்தான் பேஸ் காணாமற் போனது தெரிந்தது. கிற்றார் மேடையில் இருந்தது, வாசிக்கும் தம்பியும் நின்றான், விரல்களும் ஓடின. ஸ்பீக்கரில் மட்டும் தகரப் பேணிக்குள் அடைத்த தவளை கத்துவதுபோல ஒரு 'புர்ர்' வந்தது. அது பைலா மெட்டு. பேஸ் இல்லாவிட்டால் கால் எழும்பாது. நான்காவது பாடல் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது. அதில் தவளையும் போய் இடையிடையே 'க்ஷ்ஷ்' என்று மணல் கொட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாவது பாடலுக்கு முன் மேடையில் ஏறி, தம்பியின் இடுப்பில் மாட்டியிருந்த வயர்லெஸ் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய வயரையே செருகினேன். பேஸ் திரும்பி வந்துவிட்டது.

மட்டக்களப்பின் கல்லடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு வெளி. கோயில் திருவிழாவின் கடைசி நாள் இசை நிகழ்ச்சி. சனத்தில் பெரும்பாலானோருக்கு நடந்தது எதுவும் தெரியாது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் நிகழ்ச்சி முடிந்ததும் மிக்சருக்குப் பக்கத்தில் வந்து, "மனே, நடுவில் அந்தத் தும் தும் எங்கே போனது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இந்தக் குறிப்பு அந்தப் பதில்தான்.

ஏன் வயரைக் கழற்றினோம்

மேடையில் துள்ளித் திரிய ஆசைப்பட்டு யாரும் இதைத் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு அம்பாறைப் பக்கம் ஓர் ஊரில் நடந்த நிகழ்ச்சியில் இதே தம்பி பின்னணி பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்தான். கை தந்தியில் இருந்தது. மறுகணம் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். உதட்டில் சிறு தீக்காயம், இடக்கையில் அன்றிரவு முழுவதும் விறைப்பு. அதோடு தப்பியது அவனுடைய நல்ல காலம்.

பிறகு தேடிப் பார்த்ததில் கதை விளங்கியது. மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் வாடகை மின்பிறப்பாக்கியில் ஓடின. பேஸ் அம்புக்கு (அம்பிளிஃபயர், கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) மட்டும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து நீட்டுப் பலகை ஒன்றை யாரோ இழுத்துக் கொடுத்திருந்தார்கள். பலகையில் மூன்று துளை இருந்தது; உள்ளே ஓடியது இரண்டு வயர்தான். புவித்தொடுப்பே (எர்த்) கிடையாது. அம்பின் உள்ளேயும் கசிவு இருந்தது. கிற்றாரின் தந்தி, அதைத் தாங்கும் உலோகப் பாலத்தைத் தொடுகிறது, பாலம் வயர் செருகும் ஜெக்கின் வெளியுறையோடு இணைந்திருக்கிறது, உறை வயரின் வலையோடு, வலை அம்பின் உடலோடு. மைக்கின் வலைத்தலை மறுபக்கத்தில் மிக்சர் வழியாக மின்பிறப்பாக்கியின் புவித்தொடுப்போடு சேர்ந்திருக்கிறது. 230 வோல்ற் நாட்டில் இரண்டு வேறு இடத்து மின்சாரத்துக்கு நடுவே பாலமாக நின்றது அந்தப் பிள்ளையின் உதடு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1972 மே 3 அன்று வேல்ஸின் சுவான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார்க் கலைஞர் சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லண்டில் கிஸ் என்ற ராக் குழுவின் கிற்றார்க் கலைஞர் ஏஸ் ஃபிரெய்லிக்கு மேடையில் மின்சாரம் தாக்கியது. அதற்குப் பிறகே அந்தக் குழு, கென் ஷாஃபர் என்பவர் அந்த 1970களில் உருவாக்கியிருந்த வயர்லெஸ் கருவிக்கு மாறியது. கிற்றாரில் வயர்லெஸ் வேரூன்றியதில் ஆடம்பரத்தைப் போலவே பயத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே நான் போட்ட கணக்கு பிழையல்ல. வயரை எடுத்தால் தந்திக்கும் அம்பின் உடலுக்கும் இடையிலான பாதை அறும். நீட்டுப் பலகையைத் தூக்கி எறிந்து, மேடை முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்து, புவித்தொடுப்பை அளந்து, கசிவு கண்டால் துண்டிக்கும் றிப் சுவிட்ச் ஒன்றையும் போட்டோம். அது செய்யாமல் வயர்லெஸ் மட்டும் வாங்குகிறவர், கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்குள் குடை பிடிக்கிறவர். ஆனால் ஒருமுறை அடி வாங்கியவனுக்கு அளவுமானியின் வாக்கு போதாது. "வயர் இருந்தால் நான் பாட மாட்டேன் அண்ணன்" என்றான். அவனுடைய நியாயம் அவனுக்கு.

கையில் இருந்ததும் நான் செய்த காரியமும்

கிற்றாருக்கென்றே செய்த வயர்லெஸ் கருவிகள் விற்கின்றன. நல்லதொன்றின் விலை தம்பியின் கிற்றார் விலையைத் தாண்டியது. என்னிடம் இருந்தது யூஎச்எஃப் அலைவரிசையில் இயங்கும் பழைய வயர்லெஸ் மைக் செட்: இரண்டு கைமைக், இடுப்பில் மாட்டும் அனுப்பிப் பெட்டி ஒன்று. அந்த இடுப்புப் பெட்டியோடு வந்தது காதில் கொளுவும் தலைமைக். கூத்துக்காக வாங்கியது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் பிற்பாட்டுக்காரரோடு சேர்ந்து நடந்து பாட அதைத்தான் கொடுப்பேன்.

பெட்டியின் மேலே நான்கு ஊசியுள்ள சின்னஞ்சிறு பிளக் போகும். மட்டக்களப்பு நகரில் மூன்று கடை ஏறினேன்; அந்தப் பிளக் கிடைக்கவில்லை. நிகழ்ச்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது. தலைமைக்கின் வயரை நடுவில் வெட்டினேன். உள்ளே ஒரு வலையும் இரண்டு மெல்லிய கம்பியும். எந்தக் கம்பியில் சத்தம் வருகிறது என்று தொட்டுப் பார்த்து அதைக் கிற்றார் ஜெக்கின் நுனியில் சோல்டர் செய்தேன். வலையை உறையில் பிடித்தேன். மிஞ்சிய கம்பிக்கு நாடா சுற்றினேன். வீட்டு முற்றத்தில் சிறிய ஸ்பீக்கரில் வாசித்துப் பார்த்தோம். நன்றாகத்தான் கேட்டது. எட்டு அங்குல ஸ்பீக்கரில் பேஸின் அடித்தளம் இருந்தாலும் கேட்காது, இல்லாவிட்டாலும் தெரியாது என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. அவசரத்தில் தெரிந்தது மறந்துபோகும்.

மேசையில் கிடைத்தவை

மறுநாள் காலை தம்பி கிற்றாரோடு வந்தான். முதல் தீர்ப்பு அவனுடையது: "அலையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது அண்ணன்." கச்சான் காற்று அடிக்கும் காலம், ஊரில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழும். நானும் முந்தைய இரவு முழுவதும் ரேடியோவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் ரேடியோவையே முதலில் சோதித்தோம். பெட்டி அனுப்பும் அலையை வாங்கும் றிசீவரை இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்தோம். சமிக்ஞை விளக்குகள் எல்லாம் நிறைந்து எரிந்தன. தவளை அப்படியே இருந்தது. தூரம், காற்று, சனம் எதுவும் இல்லாத இடத்திலும் தவளை கத்துகிறதென்றால் அது அலையில் வரவில்லை. அலையில் ஏறுவதற்கு முன்பே உள்ளே புகுந்திருக்கிறது.

பிளக்கின் மூடியைத் திருகித் திறந்தபோது முதல் குற்றவாளி கண்ணெதிரே இருந்தான். மூன்றாம் ஊசியையும் நான்காம் ஊசியையும் இணைத்து ஒரு குட்டிக் கம்பி. இந்த வகைப் பெட்டிகளில் ஒன்றாம் ஊசி உறை, இரண்டாம் ஊசி மைக்குக்கு 5 வோல்ற் ஊட்டுவது, மூன்றாம் ஊசி ஒலி. நான்காம் ஊசிக்குள் ஒரு சுமை ஒளிந்திருக்கிறது. மைக்குக்கு அந்தச் சுமை வேண்டும். அதனால் தலைமைக்கின் பிளக்கிலேயே மூன்றையும் நான்கையும் இணைத்துவிடுகிறார்கள். கிற்றாருக்கு வரும் வயரில் நான்காம் ஊசி எதையும் தொடாது. நான் வயரின் நடுவில் வெட்டினேனே தவிர பிளக்கைத் திறக்கவில்லை. கூத்துக்காரரின் சுமையை அப்படியே பேஸின் தோளில் ஏற்றிவிட்டேன்.

சுமை என்றால் எவ்வளவு? இணைப்பு இல்லாவிட்டால் பெட்டியின் வாசல் தடை 1 மெகாஓம் அளவில் இருக்கும். இணைத்தால் ஏறத்தாழ 20 கிலோஓமுக்கு இறங்கிவிடும். மைக்குக்கு அது போதும். தம்பியின் கிற்றாரில் இருப்பது பற்றரி இல்லாத வகைப் பிக்கப்: காந்தமும் அதைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பியும், வேறொன்றுமில்லை. மல்ற்றிமீற்றரை வைத்தால் 8 கிலோஓமை ஒட்டிக் காட்டுகிறது. இந்த எண்ணை நம்பினால் 20 கிலோஓம் சுமையைத் தாங்கும் என்றே தோன்றும். ஆனால் அது சுருள். மீடிறன் (அதிர்வெண்) ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். சுருளின் இந்தக் குணத்துக்குத் தூண்டல் என்று பெயர்; அதை 5 ஹென்றி என்று வைத்துக் கணக்கிட்டேன். 1000 ஹேர்ட்ஸில் 31 கிலோஓம், 3000 ஹேர்ட்ஸில் 94 கிலோஓம் சுருளிலேயே நின்றுவிடுகிறது. 20 கிலோஓம் வாசலுக்கு 100 ஹேர்ட்ஸில் வந்துசேர்வது பத்தில் ஏழு பங்கு, 1000இல் பாதிக்கும் குறைவு, 3000இல் ஐந்தில் ஒரு பங்கு. விரல் தந்தியைக் கிள்ளும் அந்த முதல் நொடியின் கூர்மை முழுவதும் இந்த மேற்பகுதியில்தான் இருக்கிறது. பேஸ் ஒலியை இன்ன சுரம் என்று காது அடையாளம் காண்பதும் பெரும்பாலும் அதை வைத்தே. அது போனால் மிஞ்சுவது கம்பளிக்குள் சுற்றிய உறுமல்.

இரண்டாவது குற்றம் கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. பெட்டியின் பற்றரிக் கதவுக்குள் ஒரு சிறு திருகு இருக்கிறது. தலைமைக்குக்காக நான் அதை எப்போதோ பாதிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன். மைக் தருவது மில்லிவோல்ற் கணக்கு. பேஸில் தம்பி பெருவிரலால் அடித்தால் உச்சம் ஒரு வோல்ற்றைத் தாண்டும். பற்றரி வைத்த கிற்றார்கள் இன்னும் அதிகம் தரும். ஆறு பிடி அரிசிக்கான பானையில் அரை மூட்டையைக் கொட்டியது போலத்தான். அலையின் தலை வாசலிலேயே வெட்டுப்படுகிறது. அதன் பிறகு மிக்சரில் எதைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், சத்தம் சிறுத்த தவளை ஆகும், அவ்வளவே. பெட்டியில் இதற்கென்று எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு உண்டு. அது தம்பியின் முதுகுப் பக்கம், சட்டைக்குள் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது றிசீவரின் விளக்கை. அது இரவு முழுவதும் பச்சை.

பழைய அனலொக் செட்டுகளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை முழுதாக ரேடியோவில் ஏற்ற இடம் போதாது. அதனால் அனுப்பி அதைப் பாதியாகச் சுருக்கும், றிசீவர் திரும்ப இரட்டிப்பாக விரிக்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் இது கச்சிதமாக வேலை செய்கிறது. ஒலி எவ்வளவு பெரிது என்று அளக்கும் சுற்று, மனிதக் குரலின் வேகத்துக்கு ஏற்ப அமைந்தது. பேஸின் தடித்த ஈ (E) தந்தியில் ஓர் அலை முடிய 24 மில்லிசெக்கன் ஆகிறது. அவசரக்கார அளவுச் சுற்று அலை முடியும் வரை காத்திராமல் அலையின் மேடு பள்ளத்தையே ஒலியின் ஏற்ற இறக்கம் என்று எண்ணிப் பின்தொடரும். அப்போது சுரத்தோடு ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்கிறது. முதலிரண்டு குற்றங்களைச் சரிசெய்த பிறகும் இது கொஞ்சம் மிஞ்சியது. செட்டின் இயல்பு அது. திருகு எதுவும் இதற்குக் கிடையாது.

அடித்தளம் எங்கே போனது

பெரியவர் கேட்ட தும் தும்முக்கு இன்னும் பதில் வரவில்லை. செட்டின் கையேட்டில் 50 முதல் 15,000 ஹேர்ட்ஸ் வரை என்று போட்டிருந்தது. நான்கு தந்திப் பேஸின் ஈ 41.2 ஹேர்ட்ஸ். அடுத்த கட்டைகள் 43.7, 46.2, 49. ஆக, தடித்த தந்தியின் முதல் நான்கு சுரங்களின் அடிமீடிறன் கையேட்டின் எல்லைக்கு வெளியே. தம்பி இதைக் கேட்டதும் கிற்றாரை உறையில் போடத் தொடங்கிவிட்டான். பொறு என்றேன். 50 என்பது சுவரல்ல, சரிவு. தவிர, பேஸ் தந்தி தரும் ஒலியில் அடிமீடிறனை விட அதன் இரட்டிப்பு பல வேளை பலமாக இருக்கும். 41 தேய்ந்தாலும் 82உம் 123உம் வந்தால் காது 41ஐத் தானே ஊகித்துக்கொள்ளும். நெஞ்சில் இடிக்கும் உணர்வு மட்டும் குறையும். ஆனால் அன்றிரவு குறையவில்லை, அறவே இல்லை. கையேட்டின் சரிவு அவ்வளவு செய்யாது.

மிக்சரை மேசைக்குக் கொண்டுவந்து அதே பத்தியில் (மிக்சரில் ஒவ்வோர் ஒலிக்கும் உள்ள தனிக் குமிழ் வரிசை) செருகினேன். பத்தியின் உச்சியில், கெயின் குமிழுக்குக் கீழே, ஒரு சிறு பொத்தான் உள்ளே அழுந்திக் கிடந்தது. லோ கட். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வருவதை வெட்டும் பொத்தான். அந்தப் பத்தி எப்போதும் தலைமைக்கின் பத்தி; மூச்சும் காற்றும் இரையாமல் இருக்க நானே பல மாதம் முன்பு அழுத்திவிட்ட பொத்தான். 41 என்பது 80க்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே. ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபெல் சரிவுள்ள வெட்டு அந்த இடத்தில் வோல்ற் அளவை நாலில் ஒன்றாக்கும். செட்டின் சரிவும் அதன் மேல் சேர்ந்தது. ஐந்தாவது பாடலுக்குப் பழைய வயரைச் செருகியபோது நான் வேறொரு பத்தியில் செருகினேன். அதனால்தான் வயர் மாறியதும் பேஸ் உயிர்பெற்றது. நாங்கள் வயரை வாழ்த்தி, ரேடியோவைத் திட்டினோம்.

இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் லோ கட் பொத்தானில் தடுக்கி விழுந்ததை எழுதுவது சுகமான காரியமல்ல. ஆனால் நடந்ததை ஆராய்கிறேன் என்று தொடங்கிவிட்டு இதை மட்டும் மறைத்தால் மிச்சத்துக்கு என்ன மதிப்பு?

மணல் கொட்டும் சத்தம்

நான்காவது பாடலின் 'க்ஷ்ஷ்' தனி வழக்கு. அது உண்மையிலேயே ரேடியோவின் பக்கம்தான். துப்பு தம்பியின் நினைவில் இருந்தது: சத்தம் எப்போதும் வரவில்லை, பாடகர் இருவரும் தன் பக்கம் வந்து நின்றபோதுதான் வந்தது என்றான். சோடிப் பாடல் ஆதலால் இருவர் கையிலும் வயர்லெஸ் மைக். மூன்று அலைவரிசையையும் முந்தைய நாள் மாலை நானே கையால் அமைத்திருந்தேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று சம இடைவெளி விட்டேன்: 606.0, 606.6, 607.2 மெகாஹேர்ட்ஸ். பேஸுக்குக் கடைசி எண்.

ஒழுங்குதான் பிழை. இரண்டு அனுப்பிகள் நெருங்கி நின்றால் ஒன்றின் அலை மற்றதன் உள்ளே புகுந்து கலந்து புதிய அலைகளைப் பெறும். அவற்றில் பொல்லாதது, ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது. 606.6ஐ இரட்டிப்பாக்கி 606.0ஐக் கழித்துப் பாருங்கள். 607.2. பாடகர் இருவரும் நெருங்கியபோதெல்லாம் தம்பியின் அலைவரிசையில் ஒரு பேய் எழுந்தது. அவர்கள் விலகியதும் அடங்கியது. கருவிக்குள்ளேயே பொருந்தும் அலைவரிசைகளைக் குழுக் குழுவாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே குழுவிலிருந்து எடுத்தால் போதும், இடைவெளி சமமற்றுத்தான் இருக்கும். அதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதோடு றிசீவர் இருந்த இடமும் மோசம். மிக்சரோடு சேர்த்துச் சனத்துக்குப் பின்னால், மேடையிலிருந்து முப்பது மீற்றரில். 600 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் அரை மீற்றர். நடுவே நிற்கும் மனித உடல்கள் உப்புத் தண்ணீர்ப் பைகள். அலையை உறிஞ்சுவதில் அவற்றுக்குக் குறைவில்லை. கல்லடிப் பாலத்தடியில் பாடும் என்று சொல்லப்படும் மீனைக் கேட்க, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைப்பார்கள். காதைப் பாட்டுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும் என்பது நம் ஓடக்காரருக்குத் தெரிந்த பாடம். நான் காதைக் கரையில் வைத்துவிட்டு மீனைத் திட்டினேன்.

பழைய செட் வாங்க நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 600 மெகாஹேர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கு கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. 2020 ஜூலை 13க்குப் பிறகு அங்கே அப்பகுதியில் வயர்லெஸ் மைக் பாவிக்க முடியாது. அங்கே உதவாத செட்டுகள் வேறு நாட்டுச் சந்தைகளில் மலிவாக வருவது இயல்பு. இலங்கையில் அலைவரிசைகளுக்குப் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி அனுப்புவிப்பதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள மெகாஹேர்ட்ஸ் எண்ணை வாங்கி அங்கே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் முறை

கொழும்பிலிருந்து சரியான பிளக் வந்தது. ஜெக்கின் நுனி மூன்றாம் ஊசிக்கு, உறை ஒன்றாம் ஊசிக்கு. இரண்டையும் நான்கையும் தொடவில்லை. இரண்டாம் ஊசியின் 5 வோல்ற் கிற்றாருக்குள் போனால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும் என்பதால் அதற்கு உறை மாட்டினேன். வயரின் நீளம் முக்கால் மீற்றர். கெயினைக் கடைசிவரை இறக்கி, தம்பியை அவனுக்கு முடிந்த மட்டும் பலமாக அடிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு மின்னும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்தினேன். மேடையில் மனிதன் வீட்டில் அடிப்பதை விடப் பலமாகவே அடிப்பான். அந்தக் கொஞ்சம் அதற்காக. லோ கட் பொத்தானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நிகழ்ச்சி காரைதீவில். றிசீவர்களை மேடையின் ஓரத்தில், இடுப்புயரத்துக்கு மேலே, அன்ரனாக்கள் ஆட்களைப் பார்க்கும்படி வைத்து, அங்கிருந்து மிக்சருக்குச் சமநிலை வயர் (நீண்ட தூரத்திலும் இரைச்சல் ஏறாத வகை) இழுத்தேன். ஆக வயரின் நீளம் மொத்தத்தில் குறையவில்லை. மனிதனின் கையிலிருந்து விலகியது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியதும் அதுவே. பெட்டியை முதுகிலிருந்து எடுத்துக் கிற்றார் வாரில், தோளுக்குப் பின்னால் மாட்டினோம். வியர்வை பிளக்குக்குள் இறங்காது என்பது அதன் இரண்டாவது நன்மை. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் இரண்டு பருவத்தில் ஊசிகள் பச்சை பிடிக்கும்.

ஒலிச் சோதனையில் தம்பி நான்கு சுரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தான். "கிற்றாரைத் திறந்து ஏதாவது மாற்றினீர்களா அண்ணன்?" என்றான். ஒலி பழைய வயரில் இருந்ததை விடப் பளிச்சென்று இருந்தது. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு மீற்றர் கிற்றார் வயருக்கு 100 பிக்கோஃபரட் கொள்ளளவம் என்று கொண்டால், அவனுடைய ஆறு மீற்றர் வயர் 600 சேர்த்தது. 5 ஹென்றிச் சுருளோடு அது ஏறத்தாழ 2900 ஹேர்ட்ஸில் ஒத்திசைந்து, அதற்கு மேலே உள்ளதை விழுங்கியது. குட்டி வயரும் பெட்டியும் சேர்ந்து 150 என்றால் அந்த இடம் 5800க்கு ஏறிவிடுகிறது. பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவத்தையும் சேர்த்தால் இரண்டு எண்ணும் இறங்கும். வித்தியாசம் காதுக்குத் தெரிவது மாறாது. விலையுயர்ந்த கிற்றார் வயர்லெஸ்களில் 'வயர் ஒலி' என்று ஒரு சுவிட்ச் வைத்து இந்தக் குறையைச் செயற்கையாகத் திருப்பித் தருகிறார்கள். தம்பி தொனிக் குமிழை ஒரு கால் திருப்பு இறக்கினான். முடிந்தது.

இரைச்சலும் போய்விட்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; ஈ தந்தியின் மூன்றாம் கட்டையில் உள்ள ஜி 49. பழைய வயரில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த உறுமல் சற்றே ஏறிய ஜி சுரம்தான். ஜியில் தொடங்கும் பாடல்களில் அதை யாரும் கவனித்ததில்லை. மற்றவற்றில் சுருதி பிசகுவதாகத் தோன்றும், யார் பிசகுகிறார் என்று தெரியாது. பல வருடம் விசைப்பலகைக்காரரைத்தான் சந்தேகித்தோம். பாவம்.

மூன்று மணி நேரம் வாசித்தான். மைக்கில் வாயை வைத்துப் பாடினான். முதல் முறை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். 'க்ஷ்ஷ்' ஒருமுறை கூட வரவில்லை. தவளையும் இல்லை. நிகழ்ச்சி தொடங்கும்போது புதிய அல்கலைன் பற்றரி போட்டிருந்தேன். முடிவில் எடுத்து அளந்தபோது இன்னும் பயன் மிச்சம் இருந்தது. இருந்தும் அடுத்த நிகழ்ச்சிக்கு அதைப் போட மாட்டேன். இரண்டு பற்றரியின் காசுக்காக மேடையில் உயிரைக் கையில் பிடிக்கும் வயது எனக்குக் கடந்துவிட்டது.

குறை இல்லையா? இருக்கிறது. மெதுவான பாடலில் நீண்ட சுரம் ஒன்று தேய்ந்து அடங்கும் கடைசியில், சுருக்கி விரிக்கும் சுற்று மூச்சு விடுவது கூர்ந்து கேட்டால் கேட்கும். திறந்த ஈ தந்தியின் இடி வயரில் வருவது போல வராது; மிக்சரில் 60 ஹேர்ட்ஸ் பக்கம் சற்று ஏற்றி ஒப்பேற்றினேன். திறந்த வெளி மேடைக்கு இது போதும். ஒலிப்பதிவுக்குப் போகும்போது பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வயரைத்தான் கொண்டுபோகிறான். ஐந்து தந்திக் கிற்றார் வாங்க ஆசைப்படுகிறான். அதன் கடைசித் தந்தி 30.9 ஹேர்ட்ஸ். அந்த ஆசை நிறைவேறும் நாளில் இந்தச் செட் ஓய்வு பெறவேண்டியதுதான்.

அப்போது டிஜிற்றல் வகை ஒன்று வாங்கலாம். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் குட்டிக் கருவிகள் ஜெக்கிலேயே நேராகச் செருகுகின்றன. சுருக்கல் விரித்தல் இல்லை, அடித்தளமும் முழுதாக வருகிறது. சில மில்லிசெக்கன் தாமதம் உண்டு. நம் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடுவதால், 4 மில்லிசெக்கன் என்பது அம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதற்காக யாரும் தாளம் தவறியதில்லை. எனக்குள்ள தயக்கம் வேறு: அதே 2.4இல்தான் வைஃபையும் புளூரூத்தும். மாலை ஐந்து மணிக்கு வெறும் மைதானத்தில் சோதித்தால் எல்லாம் சுகம். இரவு எட்டுக்கு இரண்டாயிரம் கைப்பேசி வந்துசேர்ந்த பிறகு எப்படி என்பதை இன்னும் நான் பார்க்கவில்லை. பார்த்த பிறகு வாங்குவேன்.

காரைதீவிலிருந்து திரும்பிய கிழமை அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். அரங்கேற்றம் வருகிறது, அந்தக் காதில் மாட்டும் மைக் வேண்டும் என்றார். நடுவில் வெட்டிய வயர் ஆணியில் தொங்குவதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "இது எப்போது அறுந்தது?" என்றார். அறுந்தது என்றே வைத்துக்கொண்டோம். அன்று மாலை அதைத் திரும்பப் பொருத்தினேன்: இரண்டாம் ஊசிக்கு அதன் கம்பி, மூன்றாம் ஊசிக்கு ஒலி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அந்தக் குட்டி இணைப்பு. கெயின் திருகைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். மிக்சரில் அந்தப் பத்தியின் லோ கட் பொத்தானை உள்ளே அழுத்தி, பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டி, மையால் 'கூத்து' என்று எழுதினேன். அடுத்த பத்தியில் இன்னொரு நாடா: 'தம்பி, இதைத் தொடாதே' என்று. தம்பி என்று எழுதினேனே தவிர, அது எனக்கு.